வாசலில் நிற்கும் வரி

மீட்டிங் பதினொரு மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் பத்து பத்து ஆகியிருந்தது. உலகம்மை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் மேசைக்கு அடியில் புடவை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடத்தில் ஒரு பானை சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, குளித்து, பஸ் பிடித்துவிடலாம். ஒரு வார்த்தை சொல்ல மட்டும் முடியாது போலிருக்கிறது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் ஷட்டரைத் தூக்கினார்கள். அந்தச் சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வந்து அவள் முதுகில் விழுந்தது. யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்றே உடம்பு எடுத்துக்கொண்டது. காலையிலிருந்து எந்தச் சத்தமும் கதவு திறக்கிற சத்தமாகத்தான் கேட்கிறது. பஸ்ஸில்தான் அதைப் பார்த்தாள். வண்ணார்பேட்டை நிறுத்தத்துக்கு முன்னால், உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில், புது போனில் பெண்கள் காப்பகத்தின் இணையப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போமே என்று லிங்க்கைத் தட்டினாள். பக்கம் வந்தது. இருபத்து மூன்று வரிசை. எழுத்து சின்னத் திரையிலும் பிசகாமல் அடங்கியிருந்தது. பரவாயில்லையே என்று ஒரு கணம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். பிறகுதான், இது புது போன் ஆயிற்றே, இதில் நான் லாகின் செய்யவே இல்லையே என்று தோன்றியது. தோன்றியபோது பஸ் நின்றிருந்தது. நடத்துனர், "அம்மா, எறங்கணும்னியளே," என்றார். அவள் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். வீட்டை விட்டு இறங்கிய பெண்கள் இருபத்து மூன்று பேர். பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை, எந்த மாடி, எந்த அறை. தேடி வருகிற ஆளுக்கு வேண்டியதெல்லாம் வரிசையாக அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை ஒன்பது நாளாக யார் தட்டினாலும், நீ யார் என்று கேட்காமல் திறந்து காட்டியிருக்கிறது. எழுதியவள் அவள்தான்.

சரிசெய்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, பையைக்கூடக் கழற்றாமல், ஒரு வார்த்தையைத் தூக்கி இன்னொரு வார்த்தைக்கு முன்னால் வைத்தாள், சர்வரில் ஏற்றினாள், போனில் தட்டிப் பார்த்தாள். இப்போது கேட்டது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. ஒன்பது நாளாகத் திறந்து கிடந்த கதவை மூட ஒன்பது நொடி ஆகவில்லை. மாற்றத்துக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது அலுவலகப் பழக்கம். "வரிசை மாற்றம்" என்று இரண்டு சொல் எழுதினாள். பொய் இல்லை. வரிசையைத்தான் மாற்றினாள். ஆனால் எழுதி முடித்த பிறகு உறுத்தியது. இரண்டு சொல்லுக்குள் இருபத்து மூன்று பேரை வைத்து மூடிவிட்டாற்போல. யாருக்கும் தெரியாது. குழுவை நடத்தும் ஜெபசிங்குக்குத் தெரியாது, எதிர் மேசையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ சோதித்துக்கொண்டிருக்கும் ரிஸ்வானாவுக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. அது அவள் குரல் மாதிரியே இருந்தது, கொஞ்சம் இளமையாக. ரிஸ்வானா திடீரென்று நிமிர்ந்து, "என்னக்கா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. சாப்புட்டியளா?" என்றாள். "சாப்பிட்டேன்." "என்ன சாப்புட்டிய?" "தோசை," என்றாள். இட்லிதான் சாப்பிட்டாள். எதற்காக இதில் போய் ஒரு பொய்.

ஃபங்ஷனாகவே எழுதியிருந்தால். அங்கேயேதான் மனம் போய் முட்டுகிறது. வலையில் ஒருவர் ஒரு முகவரியைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு துண்டு நிரல் எழுந்து பதில் சொல்லும். அதற்கு வியூ என்று பேர். அதை இரண்டு விதமாக எழுதலாம். ஃபங்ஷனாக எழுதினால் அது ஒற்றை ஆள். மேலே தலையில் ஒரு வரி: லாகின் இல்லாதவரை உள்ளே விடாதே. அதற்குக் கீழே, இந்த விவரங்களை எடு. அதற்குக் கீழே, இப்படி அடுக்கு. கடைசியில், கொடு. மேலிருந்து கீழே வாசித்தால் முடிந்தது. பாலிடெக்னிக்கில் பதினாறு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். கிளாஸாக எழுதினால் அதற்குத் தாய் தகப்பன் உண்டு. பட்டியல் காட்டுகிற வேலையை முன்னோர் ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்கள். இது இன்னாருக்குப் பிறந்தது என்று நாம் அடைப்புக்குறிக்குள் பெயரைப் போட்டால் போதும், கேளாமலே எல்லாம் வந்து சேரும். நான்கு வரியில் பக்கம் தயார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஜெபசிங் இதே அறையில், சுழல் நாற்காலியைத் தலைகீழாகப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "மேடம், நாப்பது பேஜ்லயும் ஒரே விஷயத்த நாப்பது தடவ எழுதுவியளா? ஆட்டுக்கல்லுல மாவாட்டுத மாதிரி இருக்கு." ரிஸ்வானா சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொரு வயதில் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவளை யாரும் வெளிப்படையாக ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாததுதான் உறுத்தும். அந்த வாரமே, நான் இதைக் கிளாஸில் போடுகிறேன் என்று காப்பகத்துப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். போட்டாள். ஜெபசிங் பார்த்துவிட்டு, "கலக்கிட்டிய மேடம். இதையே வச்சு மிச்சத்தையும் போட்டுருவோம்," என்றான். அந்த வார்த்தைக்கு அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது நினைக்க அருவருப்பாக இருந்தது.

அந்தப் பக்கத்தை எழுதிய அன்றைக்குத்தான் அண்ணன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பியிருந்தான். அவன் மகள் கல்யாணம். "நீ படிச்சவ, பிழை இருக்கான்னு பாரு," என்று. அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்த்தாள். பிழை இல்லை, வரிசைதான் தப்பாக இருந்தது. பெரியப்பா பெயர் சித்தப்பாவுக்குக் கீழே போயிருந்தது. உடனே போன் போட்டாள். "பெரியவங்க பேரு மொதல்ல வரணும்லா? சித்தப்பா பேரு மேல இருந்தா பெரியப்பா மண்டபத்துப் படி ஏறுவாங்களா?" அண்ணன், "நல்லவேள சொன்ன," என்றான். அதே பத்திரிகையில் அவள் பெயர், பதினோரு வருஷமாகச் சங்கரன்கோவிலில் வேறொரு வீட்டில் இருக்கிற மனுஷனின் பெயருக்குப் பின்னால், அவர் பெயரை ஒட்டியே அச்சாகியிருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதில் பிழை இல்லை என்பதுபோல அடுத்த வரிக்குப் போய்விட்டாள். போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பி அந்த வரியை எழுதினாள். அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர். ஒன்று, பட்டியலைத் தருகிற பெரிய கிளாஸ், ஏழெட்டுத் தலைமுறை உள்ளது. இன்னொன்று, வாசலில் நின்று லாகின் இருக்கிறதா என்று கேட்கிற சின்னது. பெரியதை முதலில் போட்டாள், சின்னதைக் கடைசியில். கை தானாகப் போட்டது. பெரியவங்க பேரு மொதல்ல. ஆனால் அந்த அடைப்புக்குறிக்குள் மரியாதைக்கு வேலை இல்லை. வருகிறவர் முதலில் இடது பக்கம் நிற்பவரிடம்தான் போவார். பெரியவர் கதவைத் திறந்துவிட்டால், பின்னால் நிற்கிறவளை யாரும் கேட்கப்போவதில்லை. காவல்காரி முதலில் நிற்க வேண்டும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அவளும் வாசித்ததுதான். எந்த எச்சரிக்கையும் வரவில்லை; பிழை என்று எதுவும் சிவப்பில் காட்டவில்லை. ரிஸ்வானா சோதித்தாள், லாகின் செய்துவிட்டு. உள்ளே இருந்துகொண்டு கதவு பூட்டியிருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள். ஜெபசிங் மேலோட்டமாகப் பார்த்துச் சரி என்றான். நான்கு வரி. நான்கு வரியில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது.

பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் அவள். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அம்மா கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, படுத்து, எழுந்து வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பாள். யாரிடமிருந்து காக்கிறாள் என்று சின்ன வயதில் விளங்கியதில்லை, ஏனென்றால் பயப்பட வேண்டிய ஆள் உள்ளேதான் படுத்திருந்தார். அம்மாவின் பயம் கேளாமலே அவளிடம் வந்து சேர்ந்தது. அப்பாவின் சர்க்கரை நோய் வந்து சேர்ந்தது. இரண்டு பேரில் யாருடைய குணம் முதலில் பதில் சொல்லும் என்பது அந்தந்த நேரத்தில்தான் தெரியும். இன்று காலை யார் பதில் சொன்னது? "வரிசை மாற்றம்" என்று எழுதியது அம்மாவா, அப்பாவா? அல்லது இருவருக்கும் சம்பந்தமில்லாமல், இந்தப் பதினோரு வருஷத்தில் அவளே தனியாக உண்டாக்கிக்கொண்ட ஒன்றா? கடிகாரம் பத்து இருபத்தெட்டு. ஃபங்ஷன் என்றால் மட்டும் மறந்திருக்க மாட்டாளா. நாற்பது பக்கத்தில் நாற்பது தடவை அந்தத் தலைவரியை எழுத வேண்டும். முப்பத்தேழாவதில் கை சோர்ந்து விட்டுப்போகலாம். விட்டால் ஒரு பக்கம் திறந்து கிடக்கும், ஒன்றுதான். கிளாஸில் இந்த ஒன்றுக்குப் பிறந்ததாகவே மற்றதையும் எழுதியிருந்தால் நாற்பதும் திறந்து கிடக்கும். ஆனால் கிளாஸில் ஒரு இடத்தில் திருத்தினால் நாற்பதும் மூடிக்கொள்ளும். இப்படிப் பார்த்தால் அது, அப்படிப் பார்த்தால் இது. கிளாஸ் மேல் குற்றம் இல்லை. குற்றத்தை எதன்மேலாவது தூக்கி வைக்கத்தானே இவ்வளவு நேரம் சுற்றுகிறாய் என்று அந்த இளம் குரல் கேட்டது.

பதிவேட்டை மறுபடி திறந்தாள். யார், எப்போது, எந்தப் பக்கத்தைத் தட்டினார்கள் என்று சர்வர் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை பழையது முழுக்க அழிந்து புதிது தொடங்கும். நாளைக் காலை ஆறு மணிக்கு அழிய வேண்டியது இது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். அழிக்கக்கூட வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் போதும். ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் எல்லாவற்றிலும் காப்பகத்து வார்டனின் பெயரோ ரிஸ்வானாவின் பெயரோ அவள் பெயரோ இருந்தது. சரிசெய்த பிறகு அவள் தட்டிப் பார்த்ததை விட்டால், இரண்டு இடத்தில் மட்டும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. ஒன்று இன்று காலை ஒன்பது இருபது. அது பஸ்ஸில் அவள். இன்னொன்று செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று பன்னிரண்டு. ஒரு போனிலிருந்து. முதலில் பட்டியல். பிறகு பதினேழாம் எண். இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வேறு யாரையும் பார்க்கவில்லை, நேராகப் பதினேழு. தெரிந்து தேடி வந்த விரல். பதினேழைத் திறந்து அவளும் பார்த்தாள், பார்க்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தயங்கிக்கொண்டே. வயது முப்பத்து நான்கு. ஒரு பெண் குழந்தை. வந்த காரணம் என்ற இடத்தில் அலுவலகத் தமிழில், கணவரால் உயிருக்கு ஆபத்து. தங்குமிடம், இரண்டாம் மாடி, தையல் பிரிவை ஒட்டிய அறை. பெயரைக் கண் வாசித்தது; மனதுக்குள்கூட அவள் அதை உச்சரிக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன். இன்று வெள்ளி. பஸ் ஏறி வர ஒரு நாள் போதும். அந்த வீதியில் நின்று வாசலை நோட்டம் பார்க்க இன்னொரு நாள். டீக்கடையில் நிற்கிற ஒரு ஆள், கையில் போன், கண் இரண்டாம் மாடியில். மனதுக்குள் அவள் அவனுக்கு ஒரு முகம் கொடுத்துப் பார்த்தாள். அது சங்கரன்கோவிலில் இருக்கிறவர் முகமாக வந்தது. அவர் அடித்ததில்லை. ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஆனால் எங்கே போனாள், யாரோடு பேசினாள் என்று எல்லாம் தெரிந்து வைத்திருப்பார். அவள் வீடு திரும்பும்போது வாசலிலேயே சொல்வார். அந்த நாட்களில் அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம், யாருக்கும் தெரியாத ஒரே ஒரு அறை.

எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. "எங்கக்கா?" என்றாள் ரிஸ்வானா. "ஒரு போன் பேசிட்டு வாரேன்." ஜெபசிங் கண்ணாடி அறைக்குள் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன் தலையை மட்டும் நீட்டி, "மேடம், பதினோரு மணி. இன்னைக்கு உங்க பேஜைத்தான் மாடலா காட்டப்போறேன். கிளாஸா ஃபங்ஷனான்னு நீங்களே சொல்லி முடிச்சு வைங்க, எனக்கும் வாய் மிச்சம்," என்றான். "வாரேன் தம்பி." மாடிப்படியில் நின்றாள். கீழே கண்ணாடிக் கடையில் யாருக்கோ கண் சோதிக்கிறார்கள். மேலிருந்து மூன்றாவது வரியை வாசிங்க, மேலிருந்து நாலாவது வரியை வாசிங்க என்ற குரல் ஏறி வந்தது. காப்பகத்து எண் போனில் இருந்தது. வார்டனிடம் என்ன சொல்வது? சின்னப் பிசகு என்று ஆரம்பிப்பதா? ஒரு சந்தேகம், சும்மா கேட்கிறேன், அங்கே எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று மெல்லப் போட்டுப் பார்ப்பதா? நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டால் வைத்துவிடலாம். வைத்துவிட்டு உள்ளே போய்க் கிளாஸ் என்று சொல்லிவிடலாம். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்த அதே நேரத்தில் எடுக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்றும் நினைத்தாள். எடுத்தார்கள். தையல் மெஷின்களின் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், வார்டனுடையது இல்லை. "அலோ." "வார்டன் அம்மா இருக்காங்களா?" "பேங்குக்குப் போயிருக்காங்க." "நீங்க யாரும்மா பேசறது?" பிறகு அந்தக் குரல், கோபமில்லாமல், ஆனால் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டதுபோல, "மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க," என்றது.

உலகம்மை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்வியைத்தான் ஒன்பது நாளாக அவள் எழுதியது கேட்கவில்லை. "என் பேரு உலகம்மை. உங்க காப்பகத்து விவரத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல போடுத பக்கத்தை எழுதினவ நான்தான்," என்றாள். அதற்கு மேல் சொல்லவேண்டாம், வார்டன் வரட்டும். ஆனால் முதல் வரி வந்துவிட்டது. அடுத்தது தானாகக் கீழே வந்தது. எழுதியதில் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒன்பது நாளா அந்தப் பக்கம் யாரு தட்டினாலும் தொறந்திருக்கு. இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். மூடிட்டேன். ஆனா செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாரோ ஒருத்தர் பாத்திருக்காங்க. ஒரே ஒருத்தரோட விவரத்தை மட்டும் பாத்திருக்காங்க. மேலிருந்து கீழே, எதையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது மறுமுனையில் மெஷின் சத்தம் குறைந்திருந்தது. அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போயிருக்க வேண்டும். "செவ்வாய்க்கிழமையா?" "ஆமாம்மா. மூணு மணிக்கு." "அது நான்தான்." உலகம்மைக்கு முதலில் அந்த இரண்டு சொல் புரியவில்லை. "வார்டன் அம்மா கம்ப்யூட்டர்ல பேரு மேல தட்டும்போது, திரைக்கு மேல அட்ரஸ்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்து வச்சுக்கிட்டேன். பிளஸ் டூ படிச்சிருக்கேன், அதெல்லாம் தெரியும். என்னைப் பத்தி என்ன போட்டிருக்காவன்னு பாக்கணும்னு இருந்துச்சு. என் போன்ல தட்டினேன். வந்துட்டு." குரல் கொஞ்சம் இறங்கியது. "வயசு முப்பத்திநாலுன்னு போட்டிருக்கு. முப்பத்திரெண்டுதான். அது கெடக்கட்டும். எனக்கே தொறந்தா அந்த ஆளுக்கும் தொறக்கும்லா? அன்னையிலேர்ந்து உறக்கம் இல்ல. பிள்ளைய உள்ரூம்ல படுக்கப் போட்டுட்டு நான் கதவுப் பக்கம் படுத்துக்கிடுதேன்." "யார்ட்டயும் சொல்லலியாம்மா?" "யார்ட்ட சொல்ல? கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா பத்திரம்னு வார்டன் அம்மா சொல்லுதாங்க. படிச்சவங்க செஞ்சது. நான் போய்த் தப்புன்னு சொன்னா யாரு கேப்பா?"

ஒரு பெண் கதவுப் பக்கம் படுத்திருந்தாள். மூன்று நாள். நான் விட்ட இடத்தில். உலகம்மைக்கு அழுகை வரவில்லை. வந்தால் இவளுக்கு இன்னும் ஒரு பாரம். "தப்புத்தான். நீங்க பாத்தது சரி. செஞ்சது நான்," என்றாள். "வார்டன் அம்மாட்ட நானே சொல்லுவேன், இன்னைக்கே. இனிமே தொறக்காது." "நீங்க சொல்லுதிய." "ஆமா." "இருங்க, என் போன்ல நானே தட்டிப் பாக்கேன்." போனை எங்கோ வைக்கிற சத்தம். கீழே கண்ணாடிக் கடையில், கடைசி வரி தெரியலையா, பரவாயில்ல, கண்ணைத் தேய்க்காதீங்க என்றது குரல். மேலே கதவு திறந்து ஜெபசிங் எட்டிப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். உலகம்மை ஒரு விரலை உயர்த்திப் பொறு என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். கூட்டத்தில் சொல்ல வேண்டியது இப்போது தெளிவாக இருந்தது: ஆட்களின் விவரம் உள்ள பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன்தான். தலையில் அந்த வரி, எனக்குப் பின்னால் வாசிக்கிறவள் யாரானாலும் அவள் கண்ணில் முதலில் படுகிறாற்போல. அறிவிப்பு, விடுமுறைப் பட்டியல், அதெல்லாம் கிளாஸில் போகட்டும். நாற்பது தடவை எழுதினால் எழுதிக்கொள்வோம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் மற்றதைச் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால். "தம்பி," என்றாள் போனைக் காதில் வைத்தபடியே, "நான் காலையில குறிப்புல எழுதின வரிசை மாற்றம் இருக்கே, அது வரிசை மாற்றம் இல்ல. உள்ள வந்து சொல்லுதேன். அந்தப் பேஜை மாடலாப் போடாதிய." அவன் முகத்தில் இருந்த அவசரம் மெல்லக் கழன்றது. மறுமுனையில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். அறைக்கு ஓடிப் போய் ஓடி வந்திருப்பாள்.

"கேக்குது," என்றாள்.

"என்னம்மா கேக்குது?"

"நீ யாருன்னு கேக்குது."